கைமாறிய நெருப்பு: புரொமிதியஸ் தொன்மத்தின் ஐரோப்பியப் பயணம்

கிரேக்கத் தொன்மங்களுக்கு மூலநூல் என்று ஒன்று இருந்ததில்லை. ஓர் ஊரில் வழிபாட்டோடு ஒட்டிச் சொல்லப்பட்ட கதை அடுத்த ஊரில் வேறு பெற்றோரையும் வேறு முடிவையும் பெற்றது. அதைத் திருத்தவோ தடுக்கவோ அதிகாரம் கொண்ட குருமார் அமைப்பு அங்கே உருவாகாததால், கதையைக் கையாளும் உரிமை புலவனிடமும் நாடக ஆசிரியனிடமும் மட்பாண்டத்தில் சித்திரம் தீட்டியவனிடமுமே இருந்தது. மேலைப் பண்பாட்டின் மீது இத்தொன்மங்கள் செலுத்திய செல்வாக்கை விவரிக்கும் நூல்கள் பலவும், ஏதென்ஸில் ஏற்றிய விளக்கு ரோம் வழியாகப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் அணையாமல் வந்து சேர்ந்ததைப் போலவே எழுதுகின்றன. இடையில் எந்த ஏடு அழிந்தது, எது பிழைத்தது, எந்தச் சொல் தவறாகப் பெயர்க்கப்பட்டது என்பவை அவ்வளவாகக் கணக்கில் வருவதில்லை. தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிய புரொமிதியஸின் கதையைப் பொறுத்தவரை, கைக்கு வந்த நூல்களுக்கு நிகராகக் கைநழுவிய நூல்களும் அதன் வரலாற்றைத் தீர்மானித்துள்ளன.

கதையை முதலில் எழுத்தில் தருபவர் கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட். நடு கிரேக்கத்தின் பொயோத்தியா நாட்டில், ஹெலிகோன் மலையடிவாரத்து அஸ்க்ரா என்னும் சிற்றூரில் உழுது வாழ்ந்தவர் அவர். தெய்வங்களின் வம்சாவளியைச் சொல்லும் ‘தியோகொனி’யிலும், தம்பி பெர்ஸஸுக்கு உழைப்பின் அவசியத்தை எடுத்துரைக்கும் ‘வேலைகளும் நாட்களும்’ என்ற நூலிலுமாக இருமுறை அவர் இக்கதையைக் கூறுகிறார். தேவர்களும் மனிதர்களும் மெக்கோனே என்ற இடத்தில் கூடி ஒரு காளையைப் பங்கிட்டபோது, தித்தான் என்னும் மூத்த தெய்வக் குலத்தைச் சேர்ந்த இயாபெத்தஸின் மகனான புரொமிதியஸ், நல்ல இறைச்சியை அருவருப்பான இரைப்பைக்குள் மறைத்து, வெற்றெலும்புகளைப் பளபளக்கும் கொழுப்பால் மூடி வைத்தான். தேவர்களின் தலைவனான ஜீயஸ் கொழுப்பு மூடிய பங்கை எடுத்தான். கிரேக்கர்கள் பலியிட்ட விலங்கின் எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கு எரித்துவிட்டு இறைச்சியைத் தாங்கள் உண்டதற்கு இதுவே காரணக் கதை. வஞ்சனை தெரிந்தேதான் ஜீயஸ் அதை எடுத்தான் என்று ஹெசியோட் சேர்ப்பது, கடவுளை ஏமாளியாக விட மனமில்லாத ஒரு பக்தரின் திருத்தம் போலத் தோன்றுகிறது.

சினந்த ஜீயஸ் மனிதரிடமிருந்து நெருப்பை மறைத்தான். புரொமிதியஸ் அதை உட்கூடான ஒரு தண்டில் வைத்துத் திருடி வந்தான். கிரேக்கர் ‘நார்த்தெக்ஸ்’ என்றழைத்த அச்செடி, பெருங்காயம் தரும் செடியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் காய்ந்த தண்டின் உட்சோறு மெல்லக் கனன்றுகொண்டிருக்க, வெளித்தோல் கருகாமல் இருக்கும். தீக்குச்சி இல்லாத காலத்தில் தணலை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோக உதவிய இந்த எளிய பொருள்தான் தேவலோகத் திருட்டுக்கும் கருவியானது. திருடியவனைத் தூணில் பிணைத்து, பகலெல்லாம் ஒரு கழுகு அவன் ஈரலைத் தின்னவும் இரவில் அது மீண்டும் வளரவும் ஜீயஸ் தண்டனை வகுத்தான்.

மனிதருக்கு வந்த தண்டனை பெண் வடிவில் வந்தது. கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸ் மண்ணையும் நீரையும் குழைத்து ஒரு பெண்ணைச் செய்ய, தேவர்கள் ஆளுக்கொரு வரிசை தந்து, அவளுக்குப் பண்டோரா எனப் பெயரிட்டனர். ‘முன்யோசனைக்காரன்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட புரொமிதியஸ் எச்சரித்தும் கேளாமல், ‘பின்யோசனைக்காரன்’ எனப் பொருள்படும் அவன் தம்பி எபிமிதியஸ் அவளை ஏற்றான். அவள் ஒரு பெரிய தாழியின் மூடியைத் திறந்ததும் நோயும் துன்பமும் உலகெங்கும் பரவின. நம்பிக்கை மட்டும் விளிம்புக்கடியில் தங்கிவிட்டது. தாழிக்குள் நம்பிக்கை தங்கியது மனிதருக்கு ஆறுதலா, அல்லது அதுவும் அவர்களுக்கு மறுக்கப்பட்டதா என்பதில் உரையாசிரியர்களிடையே இன்றுவரை இணக்கம் ஏற்படவில்லை. ஹெசியோடின் நோக்கில் புரொமிதியஸ் போற்றத்தக்கவன் அல்லன். அவனுடைய சூழ்ச்சியால்தான் மனிதன் நெற்றி வியர்வையில் உண்ண நேர்ந்தது என்பதே வயலில் நின்று பேசும் அந்தப் புலவரின் தீர்ப்பு.

ஏதென்ஸ் நகரத்தின் நோக்கு வேறாக இருந்தது. சூளையை நம்பிப் பிழைத்த குயவர்களும் உலையை நம்பிய கொல்லர்களும் நிறைந்த அந்நகரில் புரொமிதியஸுக்குப் பலிபீடமும் விழாவும் இருந்தன. பின்னாளில் பிளேட்டோவின் கல்விக்கழகத்தால் புகழ்பெற்ற அக்காதெமி என்னும் தோப்பில் அவனுடைய பலிபீடம் நின்றது. அங்கிருந்து நகரை நோக்கி எரியும் பந்தங்களோடு இளைஞர்கள் ஓடும் போட்டி நடந்தது.

‘விலங்கிடப்பட்ட புரொமிதியஸ்’ என்ற துன்பியல் நாடகம் இந்த மண்ணில்தான் உருவானது. கி.மு. 456-இல் இறந்த ஈஸ்கிலஸின் படைப்பு என்று பழங்காலத்தார் ஐயமின்றி ஏற்ற அந்நாடகத்தை, நடை, யாப்பு வேறுபாடுகளின் அடிப்படையில் வேறொருவர் எழுதியிருக்கலாம் என்று இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். மார்க் கிரிஃபித் 1977-இல் வெளியிட்ட ஆய்வு அந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. உலகின் விளிம்பிலுள்ள சித்திய நாட்டுப் பாறையில், வலிமை, வன்முறை என்னும் இரு உருவங்கள் மேற்பார்க்க, மனமில்லாத ஹெஃபைஸ்டஸ் புரொமிதியஸை அறைந்து பிணைப்பதோடு நாடகம் தொடங்குகிறது. இங்கே அவன் தந்திரக்காரன் இல்லை. மனித இனத்தையே அழிக்க எண்ணிய புதிய சர்வாதிகாரியான ஜீயஸை எதிர்த்து நின்றவன். நெருப்போடு எண், எழுத்து, ஏர் பூட்டல், கப்பல், மருந்து, குறி பார்த்தல், உலோகம் என்று நாகரிகத்தின் கருவிகள் எல்லாவற்றையும் தானே தந்ததாக அவன் வரிசைப்படுத்துகிறான். ஜீயஸின் ஆட்சியைக் கவிழ்க்கவல்ல ஓர் இரகசியத்தையும் அவன் அறிவான்; அதைச் சொல்ல மறுத்து, இடியும் மின்னலும் சூழப் பாறையோடு பாதாளத்தில் வீழ்வதோடு நாடகம் முடிகிறது.

முடிவதாகத் தோன்றுவதற்கு உண்மையான காரணம், அடுத்த நாடகம் கிடைக்காமற் போனதே. ‘விடுவிக்கப்பட்ட புரொமிதியஸ்’ என்றொரு தொடர்ச்சி இருந்தது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ லத்தீனில் பெயர்த்துத் தந்த ஒரு பகுதியும் சிதறிய சில துணுக்குகளும் தவிர அது அழிந்துவிட்டது. மாவீரன் ஹெராக்ளிஸ் கழுகை எய்து வீழ்த்த, புரொமிதியஸ் இரகசியத்தைச் சொல்ல, ஜீயஸும் அவனும் உடன்பாட்டுக்கு வந்தார்கள் என்பதே எஞ்சிய குறிப்புகளிலிருந்து அறிஞர்கள் கொள்ளும் கணிப்பு. ஈஸ்கிலஸ் எழுதிய எழுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களில் ஏழு மட்டுமே எஞ்சின. அவற்றுள்ளும் பைசாந்தியப் பேரரசின் பள்ளிகளில் பாடமாக இருந்த மூன்றில் ‘விலங்கிடப்பட்ட புரொமிதியஸ்’ ஒன்றாக அமைந்ததால் அது மிகுதியாகப் படியெடுக்கப்பட்டது. பாடத்திட்டத்தில் இடம்பெறாத சமரசம் மறைந்தது. இடம்பெற்ற கலகம் நிலைத்தது.

ஆனால் அக்கலகக்காரன் மேற்கு ஐரோப்பாவை அடைய நெடுங்காலம் ஆனது. கிரேக்க மொழி அறிவு ஏறக்குறைய மறைந்துபோன இடைக்கால மேற்கு, தொன்மங்களை லத்தீன் வழியாகவே அறிந்தது. அதற்கு முதன்மை வாயில், கி.பி. 8-ஐ ஒட்டி ரோமானியப் புலவர் ஓவிட் எழுதி முடித்த பதினைந்து காண்டங்கள் கொண்ட ‘உருமாற்றங்கள்’. அதில் புரொமிதியஸ் மண்ணையும் மழைநீரையும் பிசைந்து மனிதனைச் செய்பவனாக வருகிறான். திருட்டும் கழுகும் அங்கே இல்லை. ஹெசியோட் அறியாத இக்கதை கிரேக்க நாட்டிலும் வழங்கியதுதான்: இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ், ஃபோக்கிஸ் நாட்டுப் பனோபியூஸ் ஊரில் மனிதத் தோலின் வாடை வீசும் களிமண் நிறப் பாறைகளைக் கண்டு, அவை புரொமிதியஸ் பயன்படுத்திய மண்ணின் மிச்சம் என்று உள்ளூரார் சொன்னதை எழுதி வைத்தார். செல்வந்த ரோமானியரின் கல் சவப்பெட்டிகளில், அவன் வனைந்த சிறு உருவத்தின் மேல் ஞானத் தெய்வம் உயிரை வண்ணத்துப்பூச்சியாக வைக்கும் காட்சி செதுக்கப்பட்டது.

விவிலியத்தின் படைப்புக் கதைக்கு மிக நெருங்கியிருந்த இந்த வடிவத்தைக் கிறித்தவ எழுத்தாளர்கள் ஒதுக்கவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், உண்மையான புரொமிதியஸ் தம் இறைவனே என்று வாதிட்டார். தெய்வங்கள் எல்லாம் ஒருகாலத்தில் வாழ்ந்த அரசர்களும் அறிஞர்களுமே என்று கி.மு. 300 அளவில் யூஹெமெரஸ் முன்வைத்த விளக்கமுறையும் திருச்சபைக்குக் கைகொடுத்தது: கதையின் தெய்வத் தன்மையை உரித்துவிட்டால், அதைப் படிப்பதில் பாவமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் ‘புறச்சமயத் தெய்வங்களின் வம்சாவளி’ என்ற பதினைந்து காண்ட நூலைத் தொகுத்த பொக்காச்சியோவின் கையில் புரொமிதியஸ், இயற்கை படைத்த முரட்டு மனிதனைக் கல்வியால் இரண்டாம் முறை படைக்கும் ஆசான் ஆனான். ஈஸ்கிலஸை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த முதன்மையான ஈஸ்கிலஸ் கையெழுத்துப்படி, ஜொவான்னி அவுரிஸ்பா என்ற ஏடு தேடியின் வழியாகக் கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வந்தது 1420-களில். நாடகங்கள் வெனிஸில் அல்டஸ் அச்சகத்தின் பதிப்பாக அச்சேறியது 1518-இல்.

அதே அச்சகத்திலிருந்து பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த வேறொரு நூலில், ஒரு சொல் இடம் மாறியது. ஹெசியோட் பண்டோராவுக்குத் தந்தது ‘பிதோஸ்’. தானியமும் எண்ணெயும் திராட்சை மதுவும் சேமிக்க, பாதி மண்ணில் புதைத்து வைக்கும் ஆளுயரத் தாழி அது. நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ், 1508-இல் விரிவாக்கி வெளியிட்ட தம் பழமொழித் தொகுப்பில் இக்கதையை லத்தீனில் சொன்னபோது அதை ‘பிக்ஸிஸ்’ ஆக்கினார். அது நறுமணப் பூச்சும் மருந்தும் வைக்கும் சிமிழ். ரோமானியக் கதை ஒன்றில் சைக்கி என்னும் பெண் ஆவலடங்காமல் திறக்கும் சிமிழோடு இது குழம்பியிருக்கலாம் என்று, 1956-இல் இப்பொருளைப் பற்றித் தனி நூல் எழுதிய டோரா பனோஃப்ஸ்கியும் எர்வின் பனோஃப்ஸ்கியும் விளக்கினர். வீட்டின் சேமிப்பைத் திறந்து சிந்தியவள், கையடக்கமான சிமிழை ஆவலால் திறந்து பார்ப்பவளாக மாறினாள். விலக்கப்பட்ட கனியைத் தொட்ட ஏவாளோடு அவளை இணைப்பதும் எளிதாயிற்று. 1550 அளவில் ழான் கூசான் தீட்டி இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியம், மண்டையோட்டில் முழங்கையை ஊன்றிக் கிடக்கும் ஆடையற்ற பெண்ணை, ‘முதல் பண்டோரா ஏவாள்’ என்று எழுத்திலேயே அறிவிக்கிறது. ஓவியன் அவளருகே வைத்திருப்பது இன்னும் குடமே. ஆனால் மக்கள் வழக்கில் வென்றது சிமிழ். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாவற்றிலும் அது பெட்டியானது. இன்றைய கிரேக்கரும் பெட்டி என்றே சொல்கின்றனர். தமிழ் இதழ்கள் எழுதும் பண்டோராவின் பெட்டியும் எராஸ்மஸின் கைவண்ணம்தான்.

ஈஸ்கிலஸின் கிரேக்க மூலம் அச்சில் கிடைத்த பிறகும் கலகக்காரன் உடனே எழுந்துவிடவில்லை. ரூபன்ஸ் 1611-க்கும் 1618-க்கும் இடையில் வரைந்த மாபெரும் ஓவியத்தில், தலைகீழாகச் சாய்ந்த உடலும் அதைக் கிழிக்கும் கழுகுமே கண்ணை நிறைக்கின்றன. இறகுகளைத் தீட்டுவதில் வல்லவரான ஃபிரான்ஸ் ஸ்னைடர்ஸ் கழுகை வரைந்து கொடுத்தார். இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் பேக்கன் 1609-இல் வெளியிட்ட ‘முன்னோரின் ஞானம்’ என்ற நூலில் தொன்மங்களை அறிவியலின் உருவகங்களாக விளக்கியபோது, ஏதென்ஸின் பந்த ஓட்டத்தை நினைவுகூர்ந்து, ஒருவனின் வேகத்தால் அன்றிப் பலர் வழிவழியாக ஏந்திச் செல்வதாலேயே அறிவு நிறைவுறும் என்று வாதிட்டார். அந்நூலிலேயே இதுதான் சிறந்த விளக்கம் எனலாம். 1752-இல் மின்னலில் மின்சாரம் இருப்பதை மெய்ப்பித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினை நவீன காலத்தின் புரொமிதியஸ் என்று இம்மானுவேல் கான்ட் சில ஆண்டுகளில் குறிப்பிட்டார். இதற்கு மாறாக, கலையும் அறிவியலும் மனிதனைக் கெடுத்தன என்று வாதிட்டு ரூசோ 1750-இல் எழுதிய உரையின் முகப்புப் படத்தில், நெருப்பைத் தழுவ வரும் காட்டு உருவத்தைப் புரொமிதியஸே எச்சரிக்கிறான்.

திருப்பம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. இருபத்தைந்து வயதைத் தொடாத கெதே 1770-களின் முற்பகுதியில் எழுதிய ‘புரொமிதியஸ்’ கவிதை, தெய்வத்தை நேரில் விளித்து இகழ்ந்தது. நண்பரான யாக்கோபி 1785-இல் ஆசிரியரின் இசைவின்றி அதை அச்சிட்டு, மறைந்த எழுத்தாளர் லெஸ்ஸிங் இக்கவிதையைப் படித்துத் தாமும் அவ்வாறே எண்ணுவதாகச் சொன்னார் என்றும் வெளியிட்டபோது, இறைவனும் இயற்கையும் ஒன்றென்ற ஸ்பினோசாவின் கொள்கையைப் பற்றி நாடு தழுவிய சர்ச்சை மூண்டது. பேத்தோவன் 1801-இல் வியன்னாவில் மேடையேறிய ‘புரொமிதியஸின் படைப்புகள்’ என்னும் நடன நாடகத்துக்கு அமைத்த ஒரு மெட்டை, முதலில் நெப்போலியனை எண்ணி உருவாக்கிய தம் மூன்றாம் சிம்பொனியின் இறுதிப் பகுதிக்கு அடித்தளமாக்கினார்.

1816-ஆம் ஆண்டின் குளிர்ந்த கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் கூடியிருந்த சிறு குழுவில், இக்கதையின் இரு மரபுகளும் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தன என்றே சொல்லலாம். பைரன் புரொமிதியஸைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். பதினெட்டு வயது மேரி தொடங்கிய கதை, 1818-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன், அல்லது நவீன புரொமிதியஸ்’ என்ற தலைப்பில் ஆசிரியர் பெயரின்றி வந்தது. பிணங்களிலிருந்து உயிரைச் செய்துவிட்டு அதைக் கைவிடும் அக்கதையின் மாணவன், ஓவிட் காட்டிய மண் பிசைபவனின் வாரிசு. மேரியின் கணவர் பெர்சி ஷெல்லி தேர்ந்தது ஈஸ்கிலஸின் கைதியை. 1820-இல் வெளிவந்த அவருடைய ‘விடுதலை பெற்ற புரொமிதியஸ்’ நாடகத்தின் முன்னுரையில், மனிதகுலத்தின் காவலனை அதன் ஒடுக்குமுறையாளனோடு சமரசம் செய்விக்கும் முடிவைத் தம்மால் ஏற்க முடியாது என்று அவர் எழுதினார். அவருடைய நாடகத்தில் ஜீயஸ் அரியணையிழந்து வீழ்கிறான். அழிந்த தொடர்ச்சி முழுமையாகக் கிடைத்திருந்தால், ஒரு மூலத்தையே மறுக்க நேர்ந்திருக்கும். அழிந்ததால் ஒரு வெற்றிடத்தை நிரப்பினால் போதுமாயிற்று. மனைவி கண்ட ஆபத்தைக் கணவர் காணவில்லை என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டியது.

கார்ல் மார்க்ஸ் 1841-இல் யேனா பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் ஆய்வேட்டின் முன்னுரை, மெய்யியலின் நாட்காட்டியில் முதன்மையான புனிதராகவும் உயிர்த்தியாகியாகவும் புரொமிதியஸை ஏற்றுகிறது. இரண்டாண்டுகளில் அவர் ஆசிரியராக இருந்த ‘ரைனிஷ செய்ட்டுங்’ நாளிதழை அரசு தடைசெய்தபோது, அச்சு இயந்திரத்தில் பிணைக்கப்பட்ட மார்க்ஸின் ஈரலைப் பிரஷ்யக் கழுகு கொத்துவதாக ஒரு கேலிச்சித்திரம் வந்தது; கழுகின் கயிற்றைப் பிடித்து மேலே அமர்ந்திருப்பது அணில், ஏனெனில் அமைச்சர் ஐக்ஹார்னின் பெயருக்கு ஜெர்மனில் அணில் என்றே பொருள். மார்க்ஸின் இந்தப் புனிதருக்கு 1934-இல் நியூயார்க்கில் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை எழுந்தது, எண்ணெய் வணிகத்தில் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பத்தின் பெயர் தாங்கிய ராக்ஃபெல்லர் மையத்தின் முற்றத்தில். பால் மேன்ஷிப் வடித்த அச்சிலையில் கழுகும் இல்லை, விலங்கும் இல்லை. நெருப்பை ஏந்திப் பறக்கும் இளைஞன் மட்டுமே இருக்கிறான்.

கழுகு வேறு இடத்தில் திரும்பி வந்தது. 1945-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வுக்கூடத்தில், யுரேனியம் பிளந்த எச்சங்களிலிருந்து 61-ஆம் தனிமத்தை மூன்று வேதியியலாளர் பிரித்தெடுத்தனர். அவர்களுள் ஒருவரான சார்ல்ஸ் கொரியெல்லின் மனைவி கிரேஸ் மேரி முன்மொழிந்தபடி அதற்குப் புரொமீத்தியம் என்று பெயராயிற்று. நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட இல்லாத, தானே சிதைந்துகொண்டிருக்கும் தனிமம் அது. அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவரான ஓப்பன்ஹைமரின் வாழ்க்கை வரலாறு 2005-இல் ‘அமெரிக்கப் புரொமிதியஸ்’ என்றே தலைப்பிடப்பட்டது.

இக்கதையின் மிகப் பரவலான எச்சம் ஒலிம்பிக் சுடர் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ஒலிம்பியாவிலிருந்து போட்டி நடக்கும் நகருக்குச் சுடரைக் கைமாற்றி எடுத்துச் செல்லும் வழக்கம் பழைய ஒலிம்பிக்கில் இருந்ததில்லை; அது 1936-இல் நாஜி ஆட்சியில் நடந்த பெர்லின் போட்டிக்காகக் கார்ல் டீம் வகுத்த ஏற்பாடு; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஓடினர். பந்த ஓட்டம் ஏதென்ஸுக்கு உரியது, அக்காதெமியிலிருந்த புரொமிதியஸின் பலிபீடத்தில் தொடங்கியது. அதன் விதியைப் பவுசானியாஸ் எழுதி வைத்துள்ளார்: முதலில் வருபவனின் பந்தம் அணைந்திருந்தால் வெற்றி இரண்டாமவனுக்கு, அவனுடையதும் அணைந்திருந்தால் மூன்றாமவனுக்கு; எல்லாப் பந்தங்களும் அணைந்துவிட்டால் அவ்வாண்டு வெற்றி எவருக்கும் இல்லை.